மொம்பூவின் பியானோத் தொகுப்பு: வரிசையாகக் கேட்பதா, துண்டு துண்டாகவா?

கோண்டாவில்காது

வணக்கம். இசைப் பகுதி கனநாளாகத் தூங்கிக் கிடக்கிறது. ஒன்றைத் தொடக்கி வைக்கிறேன்.

ஃபெடெரிகோ மொம்பூ என்று ஒரு கத்தலான் இசையமைப்பாளர். 1893 இல் பார்சிலோனாவில் பிறந்து 1987 இல் அங்கேயே காலமானவர். அவ்வளவு நீண்ட ஆயுளில் எழுதியதில் பெரும்பங்கு தனிப் பியானோவுக்கு. அதுவும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மிஞ்சினால் நாலு நிமிடம் போகும் சின்னத் துண்டுகள். சிம்பொனி ஒன்றுகூட இல்லை. 1974 இல், எண்பது வயது தாண்டிய பிறகு, அதுவரை எழுதிய பியானோ இசையை ஏறக்குறைய முழுவதுமாகத் தானே இருந்து வாசித்துப் பதிவு செய்தார். பிறகு அது நாலு சி.டி.யாக வந்தது. அதைத்தான் இப்போது இரவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்பது எழுதிய கால வரிசையில். 1911 முதல் 1914 வரை எழுதிய ‘அந்தரங்கப் பதிவுகள்’ முதலில். இருபது வயதுப் பொடியன் எழுதியது. அதிலேயே ஆள் அமைதிதான், ஆனால் இடையிடையே ஒரு அலங்காரம், ஒரு துள்ளல் இருக்கும். பிறகு 1921 இலிருந்து பல பத்தாண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்த ‘பாட்டும் ஆட்டமும்’ வரிசை. பெரும்பாலும் கத்தலான் நாட்டார் மெட்டுகள்: முதலில் ஒரு மெதுவான பாட்டு, அடுத்து ஒரு ஆட்டம். கடைசியில் 1959 க்கும் 1967 க்கும் இடையில் வந்த ‘மூசிகா கயாதா’, அதாவது ‘மௌன இசை’. நாலு புத்தகம், 28 துண்டு.

இப்படி வரிசையாகக் கேட்டால் ஒன்று பிடிபடுகிறது. மனிசன் ஐம்பது வருடமாக எதையும் கூட்டவில்லை, கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். நாலாம் புத்தகத்துக்கு வரும்போது ஒரு கோர்வையை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களை, தட்டிவிட்டு, அது தேய்ந்து போகும்வரை சும்மா இருக்கிறார். தட்டுவது பாதி இசை, தேய்வது மீதி. தட்டுவதை மட்டும் கேட்கிறவர்களுக்கு இது வெறும் மந்தமான பியானோ. உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா?

பனங்கூடல்

அண்ணை, நீங்கள் எழுதியதைப் பார்த்து யூரியூப்பில் போட்டேன். பத்து நிமிடத்தில் நித்திரை. கொழும்பில் பெரிய ஹோட்டல்களில் லிஃப்ற்றுக்குள் போடுவார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? யாழ்ப்பாணத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பியானோ மெட்டு ஒன்றே ஒன்றுதான், பாண்காரரின் ஓட்டோவில் போவது. அதைக் கேட்டால் பசியாவது வரும்.

கோண்டாவில்காது

தம்பி, பாண் ஓட்டோவில் போவது பேத்தோவன். 1810 இல் எழுதியது. பேத்தோவன் உங்கள் வீட்டுப் படலைக்கு நாளாந்தம் வருகிறார், நீங்கள் அவரிடம் சீனிப்பணிஸ் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறீர்கள்.

லிஃப்ற்றில் போடுவது கேட்கப்படாமல் இருப்பதற்காகச் செய்யப்படுகிறது. ‘ஓய்வுக்கான பியானோ’ என்று இப்போது வரும் பட்டியல்களும் அப்படித்தான்: ஒரே வேகம், ஒரே அளவு சத்தம், எந்த இடத்திலும் ஒரு முள் குத்தாது. மொம்பூவில் முள் இருக்கிறது. இனிமையாகப் போய்க்கொண்டிருக்கும் கோர்வைக்குள் பொருந்தாத ஒரு சுரத்தைச் செருகிவிட்டு, அதைத் திருத்தாமலே விட்டுவிடுவார். நித்திரை வந்தால் வரட்டும், குற்றமில்லை. ஆனால் அந்தச் சுரத்தில் முழிப்பு வரவேண்டும்.

இணுவில்_சுருதி

நான் நாதஸ்வரக் குடும்பம். எதிர்க்கட்சியில் இருந்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

பியானோவில் எனக்கு அடிப்படையிலேயே ஒரு சிக்கல். ஒரு சுரத்தைத் தட்டினால் அது அங்கேயே நிற்கும். அசைக்க முடியாது. கமகம் இல்லாத சுரம் எங்களுக்கு அரை உயிர். தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் பிடித்தால் அது தோடியே இல்லை. உங்கள் மொம்பூ எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் இருந்து ஒரு ஜாருவை, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவதை, எடுக்க முடியுமா? நல்லூர்த் திருவிழாவில் இரவு மல்லாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது உப்பில்லாத சோறு.

ரீச்சர்_பியானோ

இணுவில் ஐயா சொல்வது சரி. பியானோக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் அது. தட்டிய கணத்திலிருந்து அந்தச் சுரம் சாகத் தொடங்குகிறது. வயலின் மாதிரி அதை வளர்க்கவும் முடியாது, குழல் மாதிரி வளைக்கவும் முடியாது. சொப்பின், லிஸ்ற் போன்றவர்கள் இதை மறைக்க நிறையச் சுரங்களைக் கொட்டினார்கள். மொம்பூ மறைக்கவில்லை. அந்தச் சாவையே முன்னுக்குக் கொண்டுவந்து வைத்தார். அங்கேதான் அவர் வேறு ஆள்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் இது விளங்கும். தாய்வழிக் குடும்பம் மணி வார்ப்பவர்கள். பார்சிலோனாவில் பேரனாருக்குத் தேவாலய மணி வார்க்கும் பட்டறை இருந்தது. பெடியன் சின்ன வயதிலிருந்தே அங்கே திரிந்தவன். புதிதாக வார்த்த மணியைத் தட்டிப் பார்த்து, நாதம் சரியா என்று காது கொடுத்துக் கேட்பவர்களுக்கு நடுவில் வளர்ந்திருக்கிறார். மணியை அசைத்துக் கமகம் போட முடியாது, ஐயா. அதைத் தட்டிவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும்.

இனித் தொழில் விசயம் கொஞ்சம். பியானோவில் 88 கட்டை, ஆனால் கம்பி 200 க்கும் மேல். நடுவிலும் மேலும் உள்ள ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பி. சுத்தியல் தட்டியதும் மூன்றும் சேர்ந்து ஆடுகின்றன, சத்தம் சட்டென்று இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றுக்கொன்று எதிராக ஆடத் தொடங்க, மிச்சச் சத்தம் மெல்லியதாக நீண்ட நேரம் இழுபடுகிறது. அதாவது ஒரே சுரத்துக்கு இரண்டு தேய்வு, ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. மொம்பூ எழுதுவது அந்த இரண்டாவதற்காக. போன் ஸ்பீக்கரில் முதலாவது மட்டும்தான் வரும். பனங்கூடல் தம்பிக்கு லிஃப்ற் ஞாபகம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பனங்கூடல்

போன் ஸ்பீக்கர்தான் ரீச்சர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இணுவில்_சுருதி

ரீச்சர், மணிக்கதை நல்லாயிருக்கிறது. அந்த இரண்டாவது தேய்வைச் சொன்னதும் எனக்குத் தம்புரா ஞாபகம் வந்தது. சுருதி சுத்தமாகச் சேர்ந்து, கம்பிகளைத் தாங்கும் குதிரையில் ஜீவா நூல் சரியான இடத்தில் நின்றால், மந்தர ஸட்ஜத்தை மீட்டும்போது யாரும் தொடாத அந்தரகாந்தாரம் தானாகக் கேட்கும். எங்கள் அப்பா அது கேட்கும்வரை பாடத்தைத் தொடங்கவே விடமாட்டார். சில காலைகளில் பாடமே நடக்காது, நூலை நகர்த்துவதோடு நேரம் போய்விடும். இப்போது எல்லோரும் போனில் செயலியைப் போட்டுவிட்டுப் பாடுகிறார்கள். காந்தாரம் எங்கே வரும்?

பியானோவில் அப்படி ஒன்று வருமா?

ரீச்சர்_பியானோ

வரும் ஐயா! பியானோ உள்ள யாராவது இதைச் செய்து பாருங்கோ. நடு ‘சீ’க்கு மேலே உள்ள ‘ஈ’ கட்டையைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடியுங்கோ. மற்றக் கையால் நடு ‘சீ’க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ‘சீ’யைப் பலமாகத் தட்டி உடனே விடுங்கோ. தட்டிய சுரம் நின்றுவிடும். தட்டாத ‘ஈ’ பாடிக்கொண்டிருக்கும். ஸட்ஜத்தைத் தட்டினீர்கள், அந்தரகாந்தாரம் பேசுகிறது. உங்கள் அப்பா தேடியதும் இதுவும் ஒன்றுதான்.

பெடலை மிதித்தால் இது எல்லாக் கம்பிக்கும் நடக்கும். ஆனால் பெடல், புட்டுமாவுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல. கொஞ்சம் கூடினால் களி. மொம்பூவின் சொந்த வாசிப்பில் இதைக் கவனியுங்கோ: கோர்வை மாறும்போது பழையதை முழுவதும் துடைக்கமாட்டார், கால்வாசி விட்டுவைப்பார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நான் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பெடல் என்றால் மிதி, விடு, அவ்வளவுதான்.

டைனமோ

இந்த இழையை வாசித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஊரில் யுத்த காலம். கரண்ட் இல்லை. பற்றறி தடை செய்த சாமான், கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். செய்திக்குத்தான் அது, ஆனால் செய்தி முடிந்த பிறகு கசற் போடுவோம். கொழும்பிலிருந்து மாமா ஒருவர் எப்போதோ கொண்டுவந்து விட்டுப்போன கசற் ஒன்று, முழுக்கத் தனிப் பியானோ. யார் வாசித்தது, என்ன துண்டு, ஒன்றும் தெரியாது. உறை இல்லை.

இணுவில் அண்ணைக்குச் சொல்கிறேன், அந்தப் பியானோவில் கமகம் இருந்தது. சுற்றுகிறவனின் கை ஓயும்போது சுரம் வழுகிக் கீழே வரும். “டேய், சுற்றடா” என்று யாரோ கத்த, அவன் மூச்சைப் பிடித்துச் சுற்ற, சுரம் ஏறிப் பழைய இடத்துக்கும் மேலே போகும். தம்பிமாரில் யார் சுற்றுகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். மூத்தவன் நிதானம். கடைக்குட்டி சுற்றினால் எல்லாம் கால் சுரம் மேலே. பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்டு, பல வருடம் கழித்து ஒழுங்கான கரண்டில் அதே மாதிரி மெதுவான பியானோ கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. சுரம் அசையாமல் நிற்பது ஏதோ பிழை மாதிரி இருந்தது.

இணுவில்_சுருதி

டைனமோ, இதற்கு நான் பதில் எழுதமாட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறேன். பெட்டிக்குள் இருந்து ஜாருவை எடுத்துவிட்டீர்கள்.

ரொறொன்ரோவான்

நல்ல இழை. ஒரு மாற்றுக் கருத்து. ‘முழுத் தொகுப்பு’ என்றதும் ஏன் ஐரோப்பாவுக்கு ஓடுகிறோம்? எமஹோய் செகே மரியம் கெப்ரூ என்று ஒரு எத்தியோப்பியக் கன்னியாஸ்திரி. 1923 இல் அடிஸ் அபாபாவில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் சுவிஸில் வயலின் படித்தவர். இத்தாலி எத்தியோப்பியாவைப் பிடித்தபோது குடும்பத்தோடு கைதியாக இத்தாலிக்குக் கொண்டு போனார்கள். பிறகு கன்னியாஸ்திரியானார். முதல் இசைத்தட்டு 1967 இல் ஜெர்மனியில் வந்தது. கடைசிக் காலம் ஜெருசலேம் மடத்தில், 2023 இல் 99 வயதில் காலமானார். வெளியுலகம் அவரை அறிந்தது 2006 இல், எத்தியோப்பிய இசை வரிசை ஒன்றின் 21 ஆவது தொகுதியாக அவருடைய தனிப் பியானோ வந்த பிறகு.

இணுவில் அண்ணை இவரைத்தான் கேட்கவேண்டும். ஐந்து சுர அளவுகளில் நிற்கும் இசை. ஒரு சுரத்துக்குப் போகுமுன் சின்னச் சின்ன உதறல்கள். அசைக்க முடியாத பெட்டியில் அசைவைக் காட்ட எடுத்த முயற்சி என்றே எனக்குக் கேட்கிறது. மோகனம் பழகிய காதுக்கு அந்நியமாக இராது. ஊரை விட்டு வந்தவன் என்பதால் எனக்கு இவர் கூடப் பிடிக்கிறதோ என்னவோ, தெரியவில்லை.

கோண்டாவில்காது

எமஹோய் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் தாளம் தானாக மிதக்கும், அதனால் கேட்பவருக்கு வேலை குறைவு. மொம்பூ வேலை வாங்குவார். எனக்கு இரண்டும் வேண்டும், ஒரே இரவில் வேண்டாம்.

சுன்னாகம்_22

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் கம்பஸ் மாணவன், இசை படிக்கவில்லை. ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூசி சகமோத்தோவின் ‘ஓபஸ்’ படம் பார்த்துத்தான் இந்த மாதிரி இசைக்குள் வந்தேன். புற்றுநோயோடு இருந்தபோது, 2022 இல், மேடைக் கச்சேரி செய்யத் தெம்பில்லாமல், தோக்கியோவில் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்தின் கலையகத்தில் ஒரு நாளைக்குச் சில துண்டுகள் என்று வாசித்துப் பதிவு செய்தது. 20 துண்டு. தன் வாழ்நாள் இசையிலிருந்து தானே பொறுக்கியவை. 2023 மார்ச்சில் காலமாகிவிட்டார். 1978 இல் தன் குழுவோடு சின்தசைசரில் துள்ளலாகச் செய்த ‘தோங் பூ’வை அதில் மெதுவாகத் தனியே வாசிக்கிறார், கேட்டால் நம்பமுடியாது.

மொம்பூவில் எதிலிருந்து தொடங்குவது? நாலு சி.டி. என்றால் பயமாக இருக்கிறது.

கோண்டாவில்காது

தொடக்கத்திலிருந்துதான் தம்பி. கழித்ததைக் காண, முதலில் என்ன இருந்தது என்று தெரியவேண்டும்.

ரீச்சர்_பியானோ

நான் உடன்படமாட்டேன். வரிசை ஆராய்ச்சிக்காரருக்கு. மொம்பூவே மேடைக்குக் கூச்சப்பட்டவர். பியானோக் கலைஞராகத்தான் 1911 இல் இசையமைப்பாளர் கிரனாடோஸின் கடிதத்தோடு பாரிசுக்குப் போனார், ஆனால் பெரிய மேடை அவருக்குச் சரிவரவில்லை. அவருடைய இசையும் சின்ன அறைக்கானது. நாலு தட்டை அடுக்கி ஓடவிட்டால், பத்தாவது துண்டில் எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கும். அது இசையின் குறை இல்லை, பந்தியில் பத்துப் பாயாசம் வைத்தவரின் குறை.

தம்பி, ‘குழந்தைக் காட்சிகள்’ கேளுங்கோ. 1915 க்கும் 1918 க்கும் இடையில் எழுதியது. கடைசித் துண்டு ‘தோட்டத்துப் பெண்பிள்ளைகள்’. பிடித்துவிட்டால் ‘மந்திரங்கள்’ என்று ஆறு துண்டு, 1920, 21 இல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: நோவைத் தூங்க வைக்க ஒன்று, ஆன்மாவுக்குள் நுழைய ஒன்று, காதல் வர ஒன்று, சுகப்பட ஒன்று, பழையதை ஞாபகப்படுத்த ஒன்று, மகிழ்ச்சியை அழைக்க ஒன்று. எங்கள் ஊரில் நாவூறுக்கும் விஷக்கடிக்கும் வேறுவேறு பார்வை பார்ப்பார்களே, அந்த மனசுக்காரர். ‘மூசிகா கயாதா’வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கோ. அது முதல் நாளில் கதவைத் திறக்காது.

இன்னொன்று: மொம்பூவின் வாசிப்போடு, ஸ்பானியப் பியானோக் கலைஞர் அலிசியா டி லரோச்சா வாசித்ததையும் கேளுங்கோ. நாலாம் புத்தகத்தையே அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். லரோச்சாவின் வாசிப்பு தெளிவு, ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்தது. கிழவனாரின் வாசிப்பு கரடுமுரடு, கைகள் சிலவேளை ஒன்றாக விழாது. எனக்குக் கிழவனார்தான்.

கோண்டாவில்காது

கிழவனார் விசயத்தில் ஒரே கட்சி. வரிசை விசயத்தில் விட்டுத்தரமாட்டேன். ‘சொப்பின் மெட்டின் மாற்றுருக்கள்’ எங்கே போடுவீர்கள்? 1938 இல் தொடங்கி 1957 இல் முடித்தது. அதைக் கேட்டுவிட்டு உடனே 1959 இன் முதல் புத்தகத்துக்குப் போனால்தான் அதிர்ச்சி தெரியும். ஒன்றில் கை நிறைய வித்தை, மற்றதில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்.

ரீச்சர்_பியானோ

அந்த மாற்றுருக்களை எங்கேயும் போடமாட்டேன். எனக்குப் பிடிக்காது. அவருடைய தொகுப்பில் மேடையைப் பார்த்து எழுதிய துண்டு அது, அதனால்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள்.

பனங்கூடல்

ஹெட்போன் கடன் வாங்கிக் கேட்டேன். ஒரு விசயம் ஒத்துக்கொள்கிறேன், சத்தம் நின்ற பிறகும் ஏதோ இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் எங்கே கேட்பது? ஒரு பக்கம் கோயில் குழாய் ஸ்பீக்கர், மற்றப் பக்கம் கலியாண மண்டபம். இரண்டாவது தேய்வு தொடங்கும்போது நாய் குரைக்கிறது.

டைனமோ

விடிய நாலு மணி. அல்லது கரண்ட் போனால். கரண்ட் போனதும் ஊர் எப்படி மாறுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஃபிரிட்ஜ், ஃபான், தண்ணீர் மோட்டர், எல்லாம் ஒன்றாக நிற்கும். போனில் சார்ஜ் இருந்தால் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

சுன்னாகம்_22

ரீச்சர் சொன்னபடி ‘குழந்தைக் காட்சிகள்’ கேட்டேன், பிடித்தது. ஆர்வக்கோளாறில் நேரே நாலாம் புத்தகத்துக்கும் போனேன். ஒன்றுமே பிடிபடவில்லை. வரிசையை விட்டதாலோ என்னவோ.

கோண்டாவில்காது

பார்த்தீர்களா ரீச்சர்!

ரீச்சர்_பியானோ

அது வரிசையால் இல்லை, வயதால். சரி, சண்டை வேண்டாம். எங்கள் தேவாலய மண்டபத்தில் ஒரு பழைய நிமிர்ந்த பியானோ இருக்கிறது. உப்புக்காற்றில் ஆணிகள் துருப்பிடித்து, நடுவில் ஒரு கட்டை அமுக்கினால் எழும்பாது. கொழும்பிலிருந்து சுருதி கூட்டுகிறவர் வந்து போனதும் சொல்கிறேன். அந்தக் கிழமைக்குள் வந்தால்தான் உண்டு, பிறகு இறங்கிவிடும். மொம்பூவில் ஏழெட்டுத் துண்டு நான் வாசிக்கிறேன், வரிசையாக இல்லை.

இணுவில் ஐயா, தம்புராவைக் கொண்டு வாருங்கோ, ஸட்ஜத்தைப் பியானோவோடு சேர்த்துப் பார்ப்போம். காந்தாரம் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று எனக்கும் ஆவல். டைனமோ தம்பி, சைக்கிளை வெளியில் விடவும்.

இணுவில்_சுருதி

வருகிறேன். ஒரே இடத்தில் விழாது ரீச்சர், இப்போதே சொல்கிறேன். நீங்கள் தட்டி எழுப்பும் ‘ஈ’ கொஞ்சம் கூர்மையாகத்தான் இருக்கும். தம்புராவில் வருவது அதைவிட ஒரு நூலளவு இறங்கி நிற்கும். உங்கள் சுருதிக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு சுரத்தையும் சம இடைவெளியில் பங்கிடுகிறவர்தானே.

பனங்கூடல்

நித்திரை வந்தால்?

ரீச்சர்_பியானோ

பின் வாங்கு நீளமானது. குறட்டை மட்டும் வேண்டாம்.